கமடோர் 64-க்கு மவுஸ்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை வாங்கியவர்கள் முதலில் தேடுவது ஜாய்ஸ்டிக்கைத்தான். விளையாட்டுக்கு அது போதும். ஜியோஸ் மாதிரி ஐகானும் மெனுவும் உள்ள மென்பொருளை ஏற்றி, அம்புக்குறியை ஜாய்ஸ்டிக்கால் தள்ளித் தள்ளிச் சலித்துப்போன பிறகுதான் மவுஸ் ஆசை வரும். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்தால் நல்லது.

கமடோர் 64 வெளிவந்தது 1982-இல். அப்போது வீட்டுக் கணினியோடு மவுஸ் வரும் வழக்கமே இல்லை. 1351 என்ற எண்ணோடு கமடோரின் சொந்த மவுஸ் வந்தது 1986-இல். பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் நிறுவனம் ஜியோஸை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். அதனால் இந்தக் கணினியில் மவுஸ் என்பது நடுவில் வந்து சேர்ந்த விருந்தாளி. அதற்கென்று தனி சாக்கெட் கிடையாது, ஜாய்ஸ்டிக் சாக்கெட்டிலேயேதான் இடம் பிடித்தாக வேண்டும். புதியவர்களுக்கு வரும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் மென்பொருளைப் பாருங்கள்

காசு செலவழிப்பதற்கு முன் ஒரு கேள்வி: எதில் பயன்படுத்தப் போகிறீர்கள்? கமடோர் 64-இன் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு மவுஸ் என்றால் என்னவென்றே தெரியாது. மவுஸைச் செருகினால் எல்லாவற்றிலும் அம்புக்குறி வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்போதைய கணினியில் மவுஸைக் கவனித்துக்கொள்வது இயங்குதளம். இங்கே ஒவ்வொரு மென்பொருளும் தானே மவுஸைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மவுஸின் முழுப் பயனும் தெரிவது ஜியோஸில். அதன் வரைகலைச் செயலியான ஜியோபெயிண்ட், எழுதுவதற்கான ஜியோரைட் இரண்டும் மவுஸோடு சேரும்போது வேறு ஒரு கணினியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கான்டிக்கி என்ற சிறிய இயங்குதளமும் 1351-ஐப் புரிந்துகொள்ளும். அண்மை ஆண்டுகளில் ரசிகர்கள் புதிதாக எழுதும் சில விளையாட்டுகளிலும் மவுஸ் வசதி உண்டு. நீங்களே நிரல் எழுதுபவர் என்றால், சிசி65 என்ற சி மொழித் தொகுப்பானில் 1351-க்கான டிரைவர் தயாராகவே இருக்கிறது.

நான் சொல்வது: முதலில், இன்றைய கணினியையே கமடோர் 64 போல நடிக்கவைக்கும் வைஸ் எமுலேட்டரில் முயன்று பாருங்கள். அது இலவசம். அமைப்புகளில் ஒன்றாம் கன்ட்ரோல் போர்ட்டுக்கு (ஜாய்ஸ்டிக் சாக்கெட்டின் பெயர் இது) 1351 மவுஸைத் தேர்ந்தெடுத்து, மவுஸைப் பிடித்துக்கொள்ளும் வசதியை இயக்கினால் உங்கள் சாதாரண மவுஸே 1351 ஆகிவிடும். நீங்கள் விரும்பும் மென்பொருள் அங்கே மவுஸுக்கு அசையவில்லை என்றால் உண்மையான கணினியிலும் அசையாது. ஒரு மாலை நேரச் செலவில் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

ஒரே பிளக், ஐந்து மொழி

கமடோர் 64-இன் வலது பக்கவாட்டில் பவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்பது பின்கள். இந்த வடிவம் அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. அட்டாரி, அமிகா, எம்எஸ்எக்ஸ், சேகா என்று பலரும் இதே பிளக்கைப் பயன்படுத்தினார்கள். அதனால் ‘செருக முடிகிறது, அப்படியானால் வேலை செய்யும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பழைய பொருள் விற்பனைத் தளங்களில் கண்ணில் படக்கூடியவை இவை.

கமடோர் 1351: நமக்கு வேண்டியது இதுதான். ஜியோஸும் மற்ற மென்பொருள்களும் எதிர்பார்ப்பது இதன் சமிக்ஞையைத்தான்.

கமடோர் 1350: பார்க்க 1351-ஐப் போலவே இருக்கும், அடியில் ஒட்டியுள்ள லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் இது உள்ளுக்குள் வெறும் ஜாய்ஸ்டிக். நீங்கள் மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் ‘வலது’ என்று மட்டும் கணினியிடம் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அம்புக்குறி ஒரே வேகத்தில் ஊர்ந்து போகும். விற்பவர் ‘கமடோர் மவுஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அடிப்பகுதியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். எண்ணின் கடைசி இலக்கத்தைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

அமிகா, அட்டாரி எஸ்டி மவுஸ்கள்: இவை நகர்வைத் துடிப்புகளாக அனுப்புகின்றன. இடவலத்துக்கு இரண்டு வயர்கள், மேல்கீழுக்கு இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் துடிப்பு சற்று முன்பின்னாக வரும், எது முந்துகிறது என்பதை வைத்துக் கணினி திசையைக் கண்டுபிடிக்கும். அமிகாவில் இந்தத் துடிப்புகளை எண்ண வன்பொருள் இருக்கிறது. கமடோர் 64-இல் இல்லை. தனியாக எழுதப்பட்ட சில நிரல்கள் தவிர மற்றவற்றில் பயன்படாது. கமடோர் 1352 என்று இன்னொன்று உண்டு. அது 1351-இன் இரட்டைப் பிறவி போல இருந்தாலும் அமிகா வகையைச் சேர்ந்தது.

நியோஸ்: ஜப்பானியத் தயாரிப்பு. தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கும், அதற்கென்று எழுதப்பட்ட மென்பொருளோடு மட்டும் பேசும். சேகரிப்பவர்களுக்குச் சரி, முதல் மவுஸாக வேண்டாம்.

கடைசியாக, பழைய ஐபிஎம் வகை பிசியின் சீரியல் மவுஸ். நம் ஊரில் பழைய கணினிக் கடைகளின் மூலையில் இன்றும் கிடப்பது இதுதான். அதன் பிளக்கும் ஒன்பது ஓட்டைதான், அப்படியே பொருந்தும். ஆனால் அது பேசுவது ஆர்எஸ்-232 என்ற முற்றிலும் வேறான மின்னழுத்த முறை. எந்தச் சூழ்நிலையிலும் கமடோரில் செருகிப் பார்க்காதீர்கள். பிளக்கின் இரு பக்கமும் திருகு இருந்தால் அது பெரும்பாலும் சீரியல் மவுஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

1351 எப்படி வேலை செய்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் மவுஸ் ஓடும். ஆனால் பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் காரணம் புரிய இது உதவும். எனக்கு இந்தக் கணினியில் மிகவும் பிடித்த தந்திரங்களில் இதுவும் ஒன்று என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கமடோர் 64-இன் ஒலிக்குப் பெயர்போன சிட் சிப்பில் ஒலியோடு சம்பந்தமே இல்லாத இரண்டு உள்ளீடுகள் உண்டு. குமிழைத் திருகி விளையாடும் பேடில் என்ற கருவிக்காக வைத்தவை. பேடிலுக்குள் இருப்பது ஒரு மாறுமின்தடை. சிட் ஒரு சிறிய மின்தேக்கியைக் காலி செய்துவிட்டு, அது அந்தத் தடை வழியாக மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணும். காலி செய்ய 256 கடிகாரத் துடிப்பு, எண்ணுவதற்கு 256. மொத்தம் 512, அதாவது ஏறக்குறைய அரை மில்லிநொடி. இது ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். விடை 0 முதல் 255 வரை ஓர் எண்.

1351 செய்வது என்னவென்றால், தன்னை ஒரு ஜோடி பேடில் என்று சொல்லி சிட்டை நம்பவைக்கிறது. மவுஸுக்குள் இருக்கும் சிப், சிட் எப்போது எண்ணத் தொடங்குகிறது என்பதைக் கவனித்து, சரியான கணத்தில் வயரின் மின்னழுத்தத்தை உயர்த்தும். எந்தக் கணத்தில் உயர்த்துகிறதோ அதுவே நிலையைக் குறிக்கும் எண் ஆகிவிடும். இடவலம் ஒரு வயரில், மேல்கீழ் இன்னொரு வயரில். 1986-இல், கணினியில் ஒரு திருகாணிகூடக் கழற்றாமல், பழைய வன்பொருளிலேயே உண்மையான மவுஸைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. மவுஸ் அனுப்பும் நிலை 64 படிகள் கொண்ட ஒரு வட்டம். 63-க்குப் பிறகு மறுபடி 0. மென்பொருள் வழக்கமாக நொடிக்கு 50 அல்லது 60 தடவை இந்த எண்ணைப் படித்து, முன்பு படித்ததோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும். இரண்டு வாசிப்புக்கு நடுவில் 31 படிக்கு மேல் நகர்ந்துவிட்டால் வட்டத்தில் எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. வலது பக்கம் இழுக்கிறீர்கள், அம்புக்குறி இடது பக்கம் துள்ளும். பழைய உருண்டை மவுஸில் இது அபூர்வம். இன்றைய ஆப்டிகல் மவுஸை அடாப்டர் வழியாக இணைக்கும்போதுதான் இந்தத் தொல்லை எட்டிப்பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கமடோர் 64-இன் திரை 320 புள்ளி அகலம். 1000 டிபிஐ மவுஸ் ஓர் அங்குலத்துக்கு 1000 படி எண்ணும். அதை அப்படியே அனுப்பினால் கையை 8 மில்லிமீட்டர் நகர்த்தியதுமே திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடும். 200 டிபிஐ என்றால் அதே தூரத்துக்கு நான்கு சென்டிமீட்டர் கை நகர வேண்டும், அது வசதியான அளவு. எனவே இங்கே டிபிஐ கூடக்கூடத் தரம் என்ற விளம்பர வாசகத்தை மறந்துவிடுங்கள். குறைவாக இருப்பதே நல்லது.

அசலா, அடாப்டரா?

அசல் 1351-இன் அழகு தனி. கணினியின் நிறத்தோடும் சதுர வடிவத்தோடும் ஒத்துப்போகும். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுப் பழைய பொருள். பட்டன் ஸ்விட்ச் தேய்ந்திருக்கலாம், வயர் மவுஸின் கழுத்துப் பகுதியில் உள்ளே அறுந்திருக்கலாம், உருண்டையே காணாமல் போயிருக்கலாம். விலையும் ஏறிவிட்டது. சோதித்துப் பார்த்த வீடியோ இல்லாமல் வாங்காதீர்கள். சிஎம்டி நிறுவனத்தின் ஸ்மார்ட்மவுஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். அது 1351 போலவே வேலை செய்யும், மூன்று பட்டன் உண்டு, உள்ளே பேட்டரியோடு ஒரு கடிகாரமும் உண்டு.

முதல் மவுஸாக நான் பரிந்துரைப்பது அடாப்டரைத்தான். ஒரு பக்கம் இன்றைய மவுஸ், மறுபக்கம் 1351-இன் சமிக்ஞை. இரண்டு வகை கிடைக்கிறது.

மைக்ரோமிஸ் போன்றவை பிஎஸ்/2 மவுஸுக்கானவை. வட்ட பிளக் வைத்த பழைய பிசி மவுஸ் வீட்டில் கிடந்தால் இது போதும். ஒன்றைக் கவனியுங்கள்: யூஎஸ்பி மவுஸை ஒரு சின்னப் பச்சைப் பிளக் மூலம் பிஎஸ்/2 ஆக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பச்சைப் பிளக்குக்குள் வெறும் வயர்தான் இருக்கிறது. இரண்டு முறையும் பேசத் தெரிந்த மவுஸோடு மட்டுமே அது வேலை செய்யும், இப்போது விற்கும் பல மவுஸ்களுக்கு அந்தத் திறமை கிடையாது.

மவுஸ்டர் போன்றவை யூஎஸ்பி மவுஸுக்கானவை. கமடோர், அமிகா, அட்டாரி எஸ்டி மூன்றுக்கும் ஒரே அடாப்டர் பயன்படுவதும், வேகத்தை நாமே குறைத்துக்கொள்ள முடிவதும் பெரிய வசதி. பின்னாளில் அமிகா வாங்கும் ஆசை உள்ளவர்கள் இதையே எடுப்பது புத்திசாலித்தனம். அடாப்டரை 1351 முறையில் வைத்திருக்கிறோமா என்று மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அமிகா முறையில் விட்டுவிட்டு ‘கெட்டுப்போன பொருளை அனுப்பிவிட்டார்கள்’ என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

சாலிடரிங் தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளவும் முடியும். பிஎஸ்/2 மவுஸை 1351 ஆக்கும் திறந்த வடிவமைப்புகள் இணையத்தில் இருக்கின்றன. ஏவிஆர் என்ற வகையைச் சேர்ந்த, நிரல் ஏற்றக்கூடிய ஒரு சிறிய சிப்பும் ஒன்பது பின் பெண் சாக்கெட்டும்தான் முக்கியச் செலவு. சென்னைக்காரர்களுக்கு அந்த சாக்கெட்டெல்லாம் ரிச்சி தெருவில் சில்லறைக் காசு.

எந்த மவுஸைத் தேர்வது? வயர் உள்ள, விளக்கு வேடிக்கை இல்லாத, மலிவான அலுவலக மவுஸ். கமடோர் கையேட்டின்படி கன்ட்ரோல் போர்ட்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கக்கூடியது 50 மில்லிஆம்பியர். ஆப்டிகல் மவுஸின் அடியில் பெரும்பாலும் 100 என்று அச்சிட்டிருக்கும். அது அதிகபட்ச அளவு, நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே எடுக்கும், பலரும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருந்தாலும் லேபிளில் எண் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வானவில் விளக்கு எரியும் கேமிங் மவுஸை இதில் மாட்டுவது பழைய பவர் சப்ளைக்குச் செய்யும் கொடுமை. வயர்லெஸ் மவுஸ் சில அடாப்டர்களில் ஓடும், சிலவற்றில் ஓடாது. முதல் சோதனையை வயர் மவுஸிலேயே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சந்தேகம் போதும்.

செருகுவதற்கு முன்

முதல் வேலை, பவர் சப்ளை. கமடோர் 64-இன் அசல் பவர் சப்ளை ஒரு கனமான செங்கல். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், பழுது பார்க்க முடியாது. அது 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரும். வயதான பிறகு அதிலுள்ள சீராக்கி கெட்டால் 5 வோல்ட் மெதுவாக மேலேறி, கணினியின் நினைவக சிப்புகளை எரித்துவிடும். மல்டிமீட்டரில் அளந்து 5.25 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்தச் செங்கல்லை ஓரம்கட்டுங்கள். புதிதாகச் செய்து விற்கும் பவர் சப்ளைகள் கிடைக்கின்றன. மவுஸுக்கு முன் அதை வாங்குவதுதான் சரியான வரிசை.

இங்கிலாந்து, ஜெர்மனியிலிருந்து வரும், பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான கணினிகளின் பவர் சப்ளை இந்தியாவின், இலங்கையின் மின்சாரத்துக்கு ஒத்துவரும். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்தது என்றால் அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது.

இரண்டாவது, உங்கள் கணினியில் அசல் சிட் சிப்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். சிட் சிப்புகள் அரிதாகிவிட்டதால் பலர் நவீன மாற்று சிப் பொருத்தி விற்கிறார்கள். மவுஸ் சிட் வழியாகத்தான் படிக்கப்படுகிறது என்று மேலே பார்த்தோம் அல்லவா? மலிவான சில மாற்று சிப்புகளில் ஒலி மட்டும்தான் இருக்கும், பேடில் உள்ளீடு இருக்காது. பாட்டு நன்றாகக் கேட்கும், மவுஸ் பட்டனும் வேலை செய்யும், அம்புக்குறி மட்டும் அசையாது. ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் போன்றவற்றில் அந்த உள்ளீடுகள் உண்டு. விற்றவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மவுஸின் மேல் வீண் பழி விழாது.

பொருத்திச் சோதிப்பது

1. கணினியை ஆஃப் செய்யுங்கள். இதில் சமரசமே கிடையாது. கன்ட்ரோல் போர்ட்டின் சில பின்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேராக சிஐஏ என்ற சிப்புக்குப் போகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினாலோ, கையிலிருந்து நிலைமின்சாரம் பாய்ந்தாலோ அந்த சிப் போய்விடும். அதோடு விசைப்பலகையும் போகும்.

2. மவுஸை ஒன்றாம் போர்ட்டில் செருகுங்கள். ஜியோஸ் எதிர்பார்ப்பது அதைத்தான். அடாப்டர் என்றால், மவுஸை அடாப்டரில் முதலில் மாட்டிவிட்டு அப்புறம் அடாப்டரைக் கணினியில் செருகுவது பின்களுக்கு நல்லது.

3. பட்டன் எதையும் தொடாமல் கணினியை ஆன் செய்யுங்கள். இது முக்கியம். வலது பட்டனை அழுத்தியபடி ஆன் செய்தால் 1351 ஜாய்ஸ்டிக் முறைக்குப் போய்விடும், அதாவது 1350 ஆகிவிடும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

4. நீலத் திரை வந்ததும் இடது பட்டனை அழுத்துங்கள். கர்சர் இடைவெளி விட்டுக்கொண்டே நகர வேண்டும். வலது பட்டனை அழுத்தினால் 1 என்ற எண் விழ வேண்டும். ஒன்றாம் போர்ட்டும் விசைப்பலகையும் ஒரே வயர்களைப் பகிர்ந்துகொள்வதால் வரும் விளைவு இது. கோளாறு அல்ல, நமக்கு இலவசச் சோதனை.

5. இப்போது பட்டனைத் தொடாமல் மவுஸை மட்டும் நகர்த்துங்கள். திரையில் எதுவும் நடக்கக் கூடாது. எழுத்துகள் கன்னாபின்னாவென்று விழுந்தால் உங்களிடம் இருப்பது அமிகா வகை மவுஸ், அல்லது மவுஸோ அடாப்டரோ வேறு முறையில் இருக்கிறது.

6. கடைசியாக நகர்வு. பேசிக் என்ற நிரல் மொழியில் இரண்டு வரி போதும். 10-ஆம் வரியில் பிரிண்ட் (PRINT) கட்டளை, அதன்பின் பீக் (PEEK), அடைப்புக்குறிக்குள் 54297, ஒரு காற்புள்ளி, மறுபடி பீக், அடைப்புக்குறிக்குள் 54298. 20-ஆம் வரியில் கோடூ (GOTO) 10. ரன் கொடுத்தால் இரண்டு நெடுவரிசை எண்கள் ஓடும். முதலாவது இடவலம், இரண்டாவது மேல்கீழ். மவுஸை நகர்த்தினால் அதற்குரிய எண் 64-க்கும் 191-க்கும் இடையே ஏறி இறங்கிச் சுற்றி வர வேண்டும். கை அசையாதபோதும் எண் ஒன்று கூடிக் குறைவதையும், எப்போதாவது ஒரு தாறுமாறான எண் வருவதையும் கண்டுகொள்ள வேண்டாம். கடைசி பிட் வெறும் இரைச்சல், மென்பொருளே அதைத் தள்ளிவிடும். எண் எப்போதும் 255-இலேயே நின்றால் கணினிக்கு மவுஸ் தெரியவில்லை என்று பொருள். நிறுத்த ரன் ஸ்டாப் விசை.

ஜியோஸில் அமைப்பது

இங்கே ஒரு கோழி முட்டைச் சிக்கல் இருக்கிறது. ஜியோஸ் வழக்கமாக ஜாய்ஸ்டிக் டிரைவரோடு தொடங்கும். மவுஸ் டிரைவரைத் தேர்ந்தெடுக்க அம்புக்குறியை நகர்த்த வேண்டும். அம்புக்குறியை நகர்த்த மவுஸ் டிரைவர் வேண்டும். ஜாய்ஸ்டிக்கைச் செருகித் தேர்ந்தெடுத்துவிட்டு, ஓடும்போதே கழற்றி மவுஸை மாட்டலாம் என்று தோன்றும். சிஐஏ சிப்பை நினைத்துக்கொண்டு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நல்ல வழி இது. ஜியோஸ் தொடங்கும்போது, வட்டில் பட்டியலில் முதலாவதாக எந்த உள்ளீட்டு டிரைவர் இருக்கிறதோ அதை ஏற்றும். ஆகவே வரிசையை மாற்றிவிட்டால் போதும். மூல வட்டில் கை வைக்காமல் ஒரு பிரதியில் செய்யுங்கள். ஒன்றாம் போர்ட்டில் ஜாய்ஸ்டிக் வைத்துத் தொடங்குங்கள், அல்லது வலது பட்டனை அழுத்தியபடி ஆன் செய்து 1351-ஐயே ஜாய்ஸ்டிக் ஆக்கிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் வந்ததும், அதன் மடித்த மூலையைச் சொடுக்கிப் பக்கங்களைப் புரட்டினால் உள்ளீட்டு டிரைவர்கள் இருக்கும் பக்கம் வரும். ஜாய்ஸ்டிக் டிரைவரையும் ‘காம் 1351’ என்ற டிரைவரையும் கண்டுபிடியுங்கள்.

ஜியோஸில் ஐகானை நகர்த்துவது இன்றைய பழக்கத்திலிருந்து மாறுபட்டது. பட்டனை அழுத்திப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு சொடுக்கு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொடுக்கு. ஐகானின் நிழலுருவம் அம்புக்குறியோடு ஒட்டிக்கொள்ளும். வேண்டிய இடத்தில் மறுபடி சொடுக்கினால் இறங்கும். அவசரப்பட்டு இரண்டு சொடுக்கையும் உடனே கொடுத்தால் கோப்பைத் திறக்கப் பார்க்கும். இப்படி ஜாய்ஸ்டிக் டிரைவரைத் திரையின் அடியிலுள்ள கரைப்பகுதியில் இறக்கிவையுங்கள். அது இருந்த இடத்தில் 1351 டிரைவரை வையுங்கள். பிறகு ஜாய்ஸ்டிக் டிரைவரை 1351 விட்டுப்போன இடத்தில் வையுங்கள். ஆஃப் செய்து, மவுஸை மாட்டி, பட்டனைத் தொடாமல் ஆன் செய்து ஜியோஸை ஏற்றினால் அம்புக்குறி கையோடு வரும்.

மெனுவின் இடது ஓரத்திலுள்ள ஜியோஸ் பட்டியலில் உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் வரி ஒன்று உண்டு. அது அப்போதைக்கு மட்டும் டிரைவரை மாற்றும். வட்டில் 1351 என்ற பெயரின் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிய இன்னொரு டிரைவர் இருந்தால் இங்கிருந்து அதையும் போட்டுப் பாருங்கள். கைக்கு எது ஒத்துவருகிறதோ அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சரிப்பட்டு வரவில்லை என்றால்

பட்டன்கள் வேலை செய்கின்றன, நகர்வு மட்டும் இல்லை என்ற புகார்தான் அதிகம் வரும். பட்டன்கள் போகும் பாதை வேறு, நகர்வு போகும் பாதை வேறு என்பதுதான் காரணம். இடது பட்டன் 6-ஆம் பின், வலது பட்டன் 1-ஆம் பின். இவை சிஐஏவுக்குப் போகும். இடவலம் 9-ஆம் பின், மேல்கீழ் 5-ஆம் பின். இவை 4066 என்ற சின்ன சிப் வழியாக சிட்டுக்குப் போகும். அதனால் சந்தேகப்பட வேண்டிய வரிசை: மாற்று சிட் சிப், வயர், அப்புறம் 4066. இந்த 4066 மலிவான, எங்கும் கிடைக்கும் சிப். மின்னணுப் பழுது பார்ப்பவர் எவரும் மாற்றித் தந்துவிடுவார். ஒரு திசை மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் வயர்தான். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, வயரை மவுஸின் கழுத்தருகே மெல்ல வளைத்துப் பாருங்கள்.

அம்புக்குறி வேகமாக இழுக்கும்போது எதிர்ப்பக்கம் துள்ளினால் 64 படி வட்டக் கதைதான். அடாப்டரின் வேகத்தைக் குறையுங்கள். டிபிஐ மாற்றும் பட்டன் மவுஸில் இருந்தால் இருப்பதிலேயே குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அசல் 1351-இல் அம்புக்குறி தடுக்கித் தடுக்கிப் போனால் அழுக்குதான் காரணம். அடியிலுள்ள வளையத்தைத் திருகி உருண்டையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலரவிடுங்கள். உள்ளே இருக்கும் சிறு உருளைகளில் கரிய பட்டையாகப் படிந்திருப்பதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

இன்னொன்று. அடாப்டர் அகலமாக இருந்து பக்கத்துப் போர்ட்டை மறைத்தால் நீட்டிப்பு வயர் வாங்கத் தோன்றும். வாங்கலாம், ஆனால் ஒன்பது பின்னும் இணைக்கப்பட்ட வயராகப் பார்த்து வாங்குங்கள். ஜாய்ஸ்டிக்குக்கென்று விற்கும் மலிவான நீட்டிப்பு வயர்களில் 5, 7, 9-ஆம் பின்களுக்குச் செம்பே போட்டிருக்க மாட்டார்கள், ஜாய்ஸ்டிக்குக்கு அவை தேவையில்லை என்பதால். மவுஸுக்கு மின்சாரமும் நகர்வும் போவது அந்த மூன்றில்தான்.